இத்தா வீட்டு வாசலில் ஒரு சோடிச் செருப்பு

நம் பள்ளிக்கூட நாடகத்தைக் கெடுத்தது பள்ளிவாசல் மரைக்கார்தான் என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். போன மாதம் வகுப்புக்காரிகள் எல்லாம் கூடிப் பகல் சாப்பாடு சாப்பிட்டபோதும் அந்தக் கதை வந்தது. ராஜா வேடம் போடவிருந்தவள் சேர்ந்து சாப்பிட்ட சஹன் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டு, அந்த மனிசன் மட்டும் குறுக்கே வராவிட்டால் நாமெல்லாம் மேடையில் வெளுத்து வாங்கியிருப்போம் என்றாள். எல்லாரும் தலையை ஆட்டினீர்கள். நானும் ஆட்டினேன். வீட்டுக்கு வந்த பிறகு சாப்பிட்டது செமிக்கவில்லை. மௌத்தாகி நாற்பது வருஷமான ஒரு மனிதர் எழும்பி வந்து தன் பக்கத்து நியாயத்தைச் சொல்லப் போவதில்லை. ஆகவே நான் சொல்கிறேன். அந்த நாடகத்தைக் கெடுத்தது நான். திட்டுவதென்றால் திட்டுங்கள். ஆனால் முழுவதையும் வாசித்துவிட்டுத் திட்டுங்கள், பாதியில் எழும்பி ஓடுகிற பழக்கம் உங்களில் சிலருக்கு இன்னும் போகவில்லை.

அப்போது நாம் ஏழாம் வகுப்பு. சாய்ந்தமருதின் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கைகள் எல்லாம் அன்று வெறும் மணல், இரு பக்கமும் கிடுகு வேலி. தமிழ் படிப்பிக்க அட்டாளைச்சேனையிலிருந்து ஒரு புது ஆசிரியர் வந்து சேர்ந்தார், நமக்கு அவர் 'சேர்'. இருபத்திநாலு வயது இருக்கும். ஒல்லியான ஆள், வெள்ளைச் சாரன், வெள்ளைச் சட்டை. அவருடைய காலைத்தான் எல்லாரும் பார்ப்போம். ஊர் முழுக்க ரப்பர் செருப்பும் வெறுங்காலுமாக இருந்த காலத்தில் அவர் பித்தளை வளையம் பதித்த தோல் செருப்புப் போட்டிருந்தார். கண்டியில் வாங்கியதாம். அவர் வருமுன் அந்தச் செருப்பின் சரக் சரக் சத்தம் வகுப்புக்குள் வந்துவிடும், நாம் அடித்துப் பிடித்துக்கொண்டு வாங்கில் போய் உட்காருவோம்.

பரிசளிப்பு விழாவுக்கு அவரே நாடகம் எழுதினார். ஞாபகம் இருக்கிறதா? ஒரு ராஜா, ராஜாவுக்கு உயிருக்குயிரான ஒரு தம்பி, அரண்மனையில் ஒரு பணிப்பெண். அந்தப் பெண்ணின் தந்தையை ராஜா சரியாக விசாரிக்காமல் கொன்றுவிட்டார். அதை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு அவள் பன்னிரண்டு வருஷம் சிரித்த முகத்தோடு பணிவிடை செய்கிறாள். ஒரு நாள் தம்பியின் பாதரட்சையை எடுத்து ஆயுத அறையின் வாசலில் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறாள். ஒரு வார்த்தை பேசுவதில்லை. ராஜா வருகிறார், பாதரட்சையைப் பார்க்கிறார், தன்னைக் கொல்ல ஆயுதம் எடுக்கத்தான் தம்பி உள்ளே போயிருக்கிறான் என்று தானாகவே முடிவு கட்டுகிறார். தம்பியின் தலை போகிறது.

பணிப்பெண் வேடம் எனக்கு. ராஜாவைவிடப் பெரிய வேடம் அது என்று எனக்கு நன்றாகத் தெரியும், அதனால் தலைக்கனத்தில் நடந்தேன். சிரட்டைக் கரியில் உங்களுக்கு மீசை வரைந்தபோது நான் தள்ளி நின்று சிரித்தேன். பிஸ்கட் தகரத்தை வெட்டி ராஜாவுக்கு முடி செய்தோம். மருதமுனையில் ராஜா வேடக்காரியின் மூத்தம்மா வீட்டுத் தறியில் நெய்த சிவப்புச் சால்வை ஒன்று வந்தது, புது நூலின் கஞ்சி மணம் போகாமல். சேர் ஒவ்வொரு காட்சியாகத்தான் எழுதித் தருவார். கொப்பியில் பார்த்து எழுதிக்கொண்டு போய் நான் கடற்கரையில் நின்று படிப்பேன். வலை பொத்திக்கொண்டிருக்கும் ஆட்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். அலைச் சத்தத்துக்கு மேலால் என் சத்தம் போக வேண்டும், அதுதான் எனக்கு நானே வைத்த பரீட்சை.

அந்த நாட்களில்தான் சாச்சா மௌத்தானார். உம்மாவின் தங்கச்சிதான் என் சாச்சி, சாச்சா அவருடைய மாப்பிள்ளை. தோணி புரண்டு, மூன்றாம் நாள் பெரியநீலாவணைப் பக்கத்தில் ஒதுங்கினார். சாச்சிக்கு அப்போது இருபத்தொரு வயது, பிள்ளையும் இல்லை. நம் ஊரில் வீடு பெண்பிள்ளைகளுக்குத்தானே, உம்மாவின் வீடும் சாச்சியின் வீடும் ஒரே வளவுக்குள் இருந்தன, நடுவில் ஒரு கிணறு. சாச்சி இத்தா இருக்கத் தொடங்கினார். உங்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, வெளியூரில் வளர்கிற நம் பேரப்பிள்ளைகள் வாசித்தால் விளங்கட்டும். கணவனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு வெளிக்கிடாமல் இருப்பாள். அந்நிய ஆணின் கண்ணில் படமாட்டாள். வெள்ளைச் சீலை, பூட்டிய ஜன்னல், சாம்பிராணி மணம். அந்த வீட்டு வாசலில் ஒரு ஆணின் நிழல் விழுந்தாலே ஊர் வாய் சும்மா இருக்காது.

சாச்சிக்குச் சாப்பாடு கொண்டுபோவது என் வேலை. அந்த இருட்டு அறைக்குள் உட்கார்ந்து நான் நாடகம் சொல்லிக்காட்டுவேன். சாச்சி பாயில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருப்பார். மௌத்து வீடு அடங்கிய பிறகு அவர் முதல்முதலாகச் சிரித்தது நான் ராஜாவின் குரலில் உறுமியபோதுதான்.

பிறகு அந்தத் திங்கட்கிழமை வந்தது. ஒத்திகைக்கு எல்லாரும் நிற்கும்போது சேர் என்னைக் கூப்பிட்டார். என் முகத்தைப் பார்க்காமல், கையிலிருந்த சோக்குக் கட்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"உனக்குக் குரல் எடுபடுதில்ல புள்ள. பின்னுக்கு இரிக்கிறவங்களுக்குக் கேக்காது. வேடத்த மத்தவகிட்டக் குடுப்பம்."

கடைசி வாங்கில் இருந்தவளிடம் என் கொப்பியைக் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன். நீங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். சிலர் சிரித்தீர்கள், ஆர் ஆர் என்று இப்போதும் எனக்கு ஞாபகம், பெயர் சொல்லமாட்டேன். அலைக்கு மேலால் கேட்ட குரல் எடுபடாது என்று ஒருவர் சொல்லிவிட்டாரே என்று முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன். அழுகைகூட வரவில்லை. அடுத்த நாள்தான் சேர் கடைசிக் காட்சியை எழுதிக் கொடுத்தார். அது எனக்குக் கிடைக்கவில்லை. பழிவாங்குவது எப்படி என்பதுவரை நான் பாடமாக்கியிருந்தேன், அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்பதை நான் படிக்கவே இல்லை.

மூன்று நாள் யோசித்தேன். வெள்ளிக்கு முந்திய நாள் பின்னேரம் உம்மா மீன் வாங்கி வரச் சொல்லி அனுப்பினார். சாளை வாங்கிக்கொண்டு வரும்போது பள்ளிவாசலில் அஸர் தொழுகை நடந்துகொண்டிருந்தது. படிக்கட்டின் கீழே செருப்புகளும், அவற்றுக்கு நடுவில் அந்தப் பித்தளை வளையமும். சுற்றிப் பார்த்தேன், ஒரு குஞ்சு குருமான் இல்லை. இரண்டையும் எடுத்து மீன் வாங்கிய பனையோலை உமலுக்குள் போட்டுக்கொண்டு தலை தெறிக்க ஓடினேன். நேரே சாச்சியின் வீட்டுக் கிணற்றடி வாசல். இரண்டையும் சோடியாக, முனை உள்ளே பார்த்திருக்க, அழகாக வைத்தேன். நாடகத்தில் அப்படித்தான்.

பிள்ளைப் புத்திக்கு என்ன தெரியும்? இத்தா வீட்டுக்குப் போனார் என்று சேருக்கு நல்ல ஏச்சு விழும், பள்ளிக்கூடத்தை விட்டுத் துரத்துவார்கள் என்றுதான் நினைத்தேன். உள்ளே இருந்த சாச்சியின் தலையில் அது எப்படி விடியும் என்று ஒரு கணம்கூட நினைக்கவில்லை. சின்ன வயதிலேயே என்னை இடுப்பில் தூக்கித் திரிந்தவர் அவர். இதை எழுதும்போதும் எனக்கு என் மீது வெறுப்பாகத்தான் இருக்கிறது.

முதலில் கண்டவர் மாமா. உம்மாவின் மூத்த சகோதரர், வேளாண்மைக்காரர், மாதக்கணக்கில் வட்டையிலேயே கிடப்பவர். வயலில் இருந்து அன்று பகல்தான் வந்திருந்தார். மூக்கு நுனியில் கோபம் வைத்திருப்பவர், அவர் வந்தால் எங்கள் வீட்டில் கோழியும் மெதுவாகத்தான் கொக்கரிக்கும். தொழுதுவிட்டுக் கிணற்றடிக்குக் கால் கழுவப் போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இத்தா வீட்டு வாசல்ல ஆம்பிளச் செருப்பு. ஆர்ர இது?"

அந்தச் செருப்பு ஆருடையது என்று ஊரில் தெரியாதவர் இல்லை. ஐந்து நிமிஷத்தில் வளவு நிரம்ப ஆண்கள். உம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு குசினிக்குள் நின்றார். சாச்சியின் வீட்டுக் கதவு மூடியிருந்தது. சேர் முதல் வரிசையில் நின்று தொழுததைத் தான் கண்டதாக ஒருவர் சொன்னார். பாங்குச் சத்தம் கேட்டு வேலியால் பாய்ந்து ஓடியிருப்பான், செருப்புத்தான் அகப்பட்டுவிட்டது என்று மாமா சொன்னார். அதற்குப் பிறகு ஆரும் கேள்வி கேட்கவில்லை. பெரிய மனிதர்கள், தாடி நரைத்தவர்கள், ஒரு சோடிச் செருப்பைப் பார்த்துவிட்டு நாடகத்து ராஜா செய்ததையே வரி பிசகாமல் செய்தார்கள்.

அந்த நேரம் பார்த்து சேரும் வந்தார். வெறுங்காலோடு. செருப்பைத் தேடித் திரிந்தவருக்கு ஆரோ இடத்தைச் சொல்லியிருக்கிறார்கள். அவருக்குப் பின்னால் எங்கள் குடி மரைக்கார், பள்ளிவாசலில் எங்கள் குடிக்காகப் பேசுகிற பெரியவர். மாமா சேரின் சட்டையைப் பிடிக்கப் போனார், மரைக்கார் கையை நீட்டித் தடுத்தார். செருப்பு இங்கே வந்தது எப்படி என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

சேர் குனிந்து செருப்பைக் கையில் எடுத்தார். புரட்டிப் பார்த்தார். வாரில் சாளைச் செதிள்கள் ஒட்டியிருந்தன. நிமிர்ந்து வளவைச் சுற்றிப் பார்த்தவர், வேலியோரம் மீன் உமலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்ற என்னைக் கண்டார். என் முகத்தில் ஈயாடவில்லை. அவ்வளவுதான், எல்லாம் அவருக்கு விளங்கிவிட்டது. அவர் எழுதிய காட்சிதானே அது. ஒரு விரலை என் பக்கம் நீட்டியிருந்தால் போதும், அவர் தப்பியிருப்பார். இத்தா இருக்கிற சாச்சியின் பெயரைக் கெடுக்கப் பார்த்த பிள்ளை என்ற பழியை நான் என் ஆயுளுக்கும் சுமந்திருப்பேன்.

"மரைக்கார், இது என்ட பிழ," என்றார் சேர். "பள்ளிக்கூடத்தில நாடகம் ஒண்டு பழக்கிறன். அதில செருப்ப எடுத்து வாசல்ல வைக்கிற காட்சி இரிக்கி. என்ட செருப்ப எடுத்து ஒத்திகை பாருங்க எண்டு புள்ளைகளுக்கு நான்தான் சொன்னன். எந்த வாசல் எண்டு சொல்லாம உட்டது என்ட மடத்தனம்."

மரைக்கார் என் பக்கம் திரும்பினார். "ஓமா புள்ள?"

"ஓம்," என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன மிகச் சின்னப் பொய்யும் மிகப் பெரிய பொய்யும் அதுதான்.

மாமாவின் கோபம் இப்போது வேறு பக்கம் பாய்ந்தது. இத்தா வீட்டுப் பிள்ளைக்கு நாடகமா, ஆர் போகவிட்டது என்று கத்தினார். வாப்பா கூட்டத்தின் பின்னால் நின்றார். உம்மாவின் வீட்டில் வாழவந்த மாப்பிள்ளை, அதிலும் அதிகம் வாய் திறக்காத தையல்காரர். மாமாவுக்கு முன்னால் அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அன்று முன்னால் வந்து நின்றார்.

"நான்தான் மச்சான் போகச் சொன்னன். ஏசிறதெண்டா என்ன ஏசுங்க."

எனக்கு வேடம் இல்லை என்பது வாப்பாவுக்குத் தெரியும் என்று அப்போது எனக்குத் தெரியாது. வீட்டில் வெட்கத்தில் நான் சொல்லியிருக்கவில்லை. ஆகவே ஒத்திகைக் கதையை அவர் நம்பித்தான் பேசுகிறார் என்று நினைத்தேன்.

மரைக்கார் கையை உயர்த்திக் கூட்டத்தை அடக்கினார். அந்த வீட்டுப் பெண்பிள்ளையின் பெயரில் ஒரு தூசியும் ஒட்டக் கூடாது, நடந்தது பிள்ளை விளையாட்டு, இதற்கு மேல் இந்த வளவுக் கதையை வெளியே எடுத்தவன் தன்னிடம்தான் பதில் சொல்ல வேண்டும் என்றார். பிறகு சேரைப் பார்த்து, நாடகத்தை நிறுத்திவிடுங்கள் என்றார். இப்படி முடிகிற விளையாட்டு பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று அவர் நினைத்தார். நாடகத்தின் மீது பிழை இல்லை, எழுதியவர் மீதும் இல்லை. ஆனால் அவருக்குச் சொல்லப்பட்டது அவ்வளவுதானே. கூட்டத்தைக் கலைக்க அவருக்கு ஏதாவது ஒன்றை நிறுத்த வேண்டியிருந்தது, நாடகத்தை நிறுத்தினார். வளவுக் கதை வெளியே போகவில்லை, அதனால்தான் உங்களுக்கு நாடகம் நின்றது மட்டும் தெரியும். சாச்சியைக் காப்பாற்றிய மனிதரை ஐம்பது வருஷமாகத் திட்டிக்கொண்டிருக்கிறோம்.

மஃரிப் தொழுகைக்கு முன்னால் வழக்கம்போல் சாச்சிக்குச் சோறு கொண்டுபோனேன். சாச்சி அதை வாங்கிப் பாயில் வைத்தார். அழுத கண். திங்கட்கிழமையிலிருந்து நான் நாடகம் சொல்லிக்காட்டாததை அவர் கவனித்திருந்தார்.

"அந்தச் சேர் பொய்தான் சொன்னாரு," என்றார். "அல்லாஹ் அவருக்கு நல்லத்தக் குடுக்கட்டும்."

ஒரு கவளத்தை உருட்டி முதலில் என் வாயில் வைத்தார். அன்று அழுதேன் பாருங்கள், மூன்று நாளாக வராத அழுகையெல்லாம் சேர்ந்து வந்தது.

தவணை முடிந்ததும் சேர் மாற்றம் எடுத்துக்கொண்டு தன் ஊர்ப்பக்கம் போய்விட்டார். அவர் போன பிறகு, கடைசி வாங்குக்காரி என்னோடு கோபம் தீர்ந்து கதைக்கத் தொடங்கியபோது, கடைசிக் காட்சியை அவளிடம் கேட்டேன். தம்பியின் தலை விழுந்த பிறகு ஒரு கிழட்டுக் காவலாளி வந்து பணிப்பெண்ணிடம் ஒரு சங்கதி சொல்கிறானாம். அவளுடைய தந்தையைக் கொல்ல வேண்டாம் என்று அன்று சபையில் எழும்பி நின்று மன்றாடியவன் அந்தத் தம்பி ஒருவன்தானாம். அதைக் கேட்டு அவள் கதறுவதோடு திரை விழுகிறதாம். அவள் சொல்லி முடித்தபோது எனக்கு அது வெறும் கதையாகத்தான் பட்டது.

சாச்சி இத்தா முடிந்து, இரண்டு வருஷத்தில் நிந்தவூரில் ஒரு நல்ல மனிதருக்கு வாழ்க்கைப்பட்டார். நாலு பிள்ளைகள். அவருடைய பெயரில் ஒரு சின்னக் கறை விழுந்திருந்தாலும் அந்தச் சம்பந்தம் வந்திருக்காது, அது நம் எல்லாருக்கும் தெரியும். சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த வருஷம் அந்த வளவு, கிணறு, வீடுகள் எல்லாம் போய்விட்டன. சாச்சி நிந்தவூரில் பேரப்பிள்ளைகளோடு இருந்து, நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தார். ஒவ்வொரு தொழுகையிலும் அந்தச் சேருக்காக நான் துஆக் கேட்டேன். நேரே போய்க் காலில் விழத்தான் தைரியம் வரவில்லை.

வாப்பா மௌத்தான அடுத்த வருஷம், ஹஜ்ஜுக்கு ஆட்கள் வெளிக்கிடுகிற நாட்களில், ஒரு காலையில் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. பேரன் கையைப் பிடித்து இறக்கிவிட, வெள்ளைச் சாரனில் ஒரு வயதாளி. நடை மாறவில்லை, அதனால் உடனே அடையாளம் கண்டேன். ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் தெரிந்தவர் வீடுகளுக்கெல்லாம் போய், செய்த பிழைகளை மன்னிக்கச் சொல்லிப் பொருத்தம் கேட்பது நம் வழக்கம்தானே. ஆனால் இவர் என்னிடம் எதற்கு வர வேண்டும்? கேட்க வேண்டியவள் நான் அல்லவா? கதிரையைப் போட்டு, தேத்தண்ணி ஊற்றி வைத்தேன். நான் வாய் திறக்குமுன் அவர் கையை உயர்த்தினார்.

"உங்கட வாப்பா இரிக்கும் வரைக்கும் சொல்லமாட்டன் எண்டு வாக்குக் குடுத்தன் மகள். இப்பச் சொல்லலாம்."

சொன்னார். நான் வேடத்தை இழந்த அந்தத் திங்கட்கிழமைக்கு முதல்நாள் வாப்பா சைக்கிளில் அவருடைய அறைக்குப் போயிருக்கிறார். வீட்டில் இத்தா, பிள்ளை மேடையில் நின்று கத்துகிறாள் என்று மச்சான் வட்டையிலிருந்து வந்து கேள்விப்பட்டால் வீடு இரண்டாகும், பிள்ளையை எப்படியாவது எடுத்துவிடுங்கள் என்று கேட்டிருக்கிறார். அவளிடம் நான் சொன்னேன் என்று சொல்லாதீர்கள், அவள் என்னோடு கதைக்காமல் விட்டால் என்னால் தாங்க முடியாது என்று கண் கலங்கினாராம். கலியாணமும் ஆகாத இளைஞர், என்ன சாட்டுச் சொல்வது என்று தெரியாமல் வாயில் வந்ததைச் சொல்லியிருக்கிறார்.

"குரல் எடுபடாது எண்டு நான் சொன்னது பொய். அந்த வகுப்பில இரிந்த நல்ல குரல் உங்கடதான். அந்தப் பொய்க்குப் பொருத்தம் கேட்காம நான் எப்பிடிக் கஃபாவுக்கு முன்னால நிக்கிற?"

கடைசிக் காட்சியில் கதறிய பணிப்பெண் அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தாள். குரல் இல்லாதவள் என்று நம்பித்தான் ஆசிரியர் நியமனம் வந்தபோதும் வேண்டாம் என்று எழுதிவிட்டு, கந்தோரில் பைல்களுக்கு நடுவில் முப்பது வருஷம் இருந்தேன். மாதர் கூட்டங்களில் உங்களுக்குப் பின்னால் மறைந்து நின்றேன். அந்தத் துக்கம் ஒரு பக்கம். என் வாப்பாவின் கண்ணீரையும், என் களவையும், இரண்டையும் வெளியே காட்டாமல் வெறுங்காலோடு அந்த வளவில் நின்றாரே இந்த மனிதர் என்ற நன்றி ஒரு பக்கம். நன்றிதான் பெரிதாக இருந்தது, இன்றும் அப்படித்தான்.

"சேர், அது ஒத்திகையில்ல," என்றேன். "உங்களப் பழிவாங்கத்தான் வெச்சன்."

"அது தெரியும். அத நான் அண்டைக்கே பொருந்திட்டன்," என்றார். "இப்ப நீங்க சொல்லுங்க."

"பொருந்திட்டன் சேர்."

மெல்லத்தான் சொன்னேன். அவர் காதைக் கையால் மடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார், கேட்கவில்லை என்றார். திரும்பச் சொன்னேன். அப்போதும் தலையை ஆட்டினார், வயதாகிக் காது மந்தம் மகள் என்றார். மூன்றாவது தடவை எழும்பி நின்று, மூச்சை இழுத்துச் சொன்னேன். குளித்துக்கொண்டிருந்த என் மாப்பிள்ளை துவாயோடு வெளியே ஓடி வந்தார். அடுத்த வீட்டுக்காரி மதிலுக்கு மேலால் எட்டி, என்ன நடந்தது என்று கேட்டாள்.

"இப்பக் கேட்டிச்சு," என்றார் சேர், ஆறிப்போன தேத்தண்ணியை எடுத்துக் குடித்தார்.